எழுத்தாலான ஊரில் வாழ்வது எப்படி?

கறுப்புத் திரையில் எழுத்துகள் வரிவரியாக ஏறிக்கொண்டிருக்கின்றன. மலையடிவாரத்தில் ஒரு சத்திரம். வெளியே மழை. வணிகப் பெண் ஒருத்தி நனைந்த கம்பளியைக் கழற்றி அடுப்பருகே விரிக்கிறாள். "கணவாய்ப் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. இன்னும் மூன்று நாளைக்கு வண்டி போகாது" என்கிறாள். அப்படியானால் உப்பு விலை ஏறிவிடுமே என்று மூலையில் இருக்கும் கிழவர் முணுமுணுக்கிறார். காவலன் ஒருவன் யாரிடமும் பேசாமல் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் யாருக்குக் காத்திருக்கிறான் என்பது இன்னும் எவருக்கும் தெரியாது. அரைமணி நேரமாக இப்படிக் கதை மெல்லச் சூடுபிடித்துவரும்போது, கதவைத் திறந்துகொண்டு ஒருவர் நுழைகிறார். "ஹாய்! லெவல் 40 ஆயிடுச்சு. ஒரு நல்ல வாள் எக்ஸ்ட்ரா இருக்கு, யாருக்காச்சும் வேணுமா? சீக்கிரம் சொல்லுங்க, சாப்பிடப் போகணும்."

அந்த ஒரு வரியோடு மழை நின்றுவிடுகிறது. வணிகப் பெண்ணை எழுதிக்கொண்டிருந்தவருக்கு அடுத்த வரி ஓடவில்லை. காவலன் காத்திருந்த ஆள் கடைசிவரை வரவேயில்லை.

எழுத்தை மட்டுமே வைத்து இணையத்தில் ஆடும் விளையாட்டுகளில் பழகியவர்கள் எல்லோரும் இப்படி ஒரு கணத்தைப் பார்த்திருப்பார்கள். உள்ளே வந்தவர் யாரையும் திட்டவில்லை, எதையும் திருடவில்லை. படங்கள் நிறைந்த விளையாட்டாக இருந்தால் அவர் பேச்சால் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. திரையில் மலை மலையாகவே நின்றிருக்கும், மழை பெய்துகொண்டேயிருக்கும். எழுத்து விளையாட்டில் நிலைமை வேறு. அங்கிருந்த மழையும் அடுப்பும் நாலைந்து பேர் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்ததால் மட்டுமே இருந்தன. எதிரில் இருப்பவர் எழுதும் வரிதான் எனக்குக் காட்சி. நான் எழுதும் வரிதான் அவருக்குக் காட்சி. ஒருவர் விலகினால் மற்றவர் நிற்கும் தரையும் சேர்ந்து போய்விடுகிறது.

இந்த விளையாட்டுகளில் வேடம் ஏற்று, அந்த வேடமாகவே வாழ்ந்து ஆடும் பழக்கத்தை எப்படி வளர்ப்பது? இதை நடத்துபவர்களும் ஆடுபவர்களும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்து வருகிறார்கள். விதியைக் கடுமையாக்கு என்பது ஒரு தரப்பு. வேடம் காப்பவருக்குப் பரிசு கொடு என்பது இன்னொரு தரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் இரண்டும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. நல்ல ஆட்டம் எழுந்த இடங்களில் எல்லாம் அடிப்படையாக இருந்தது ஒன்றுதான்: தான் எழுதிய வரிக்கு எதிரிலிருந்து பதில் வரும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை இருந்தால் மனிதர்கள் தாமாகவே வேடம் கட்டுகிறார்கள்.

எசெக்ஸில் தொடங்கியது

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் ஒரு நிரல் எழுதத் தொடங்கினார். டெக் நிறுவனத்தின் பிடிபி-10 கணினியில் ஓடிய அதற்கு 'மல்டி யூசர் டன்ஜன்' என்று பெயர் வைத்தார். சுருக்கமாக 'மட்'. அவருடன் சேர்ந்துகொண்டு, பின்னர் முழுப் பொறுப்பையும் ஏற்று அதை வளர்த்தவர் ரிச்சர்ட் பார்ட்டில். வில் க்ரவுதர் எழுதி டான் உட்ஸ் விரிவாக்கிய 'அட்வெஞ்சர்' என்ற குகை விளையாட்டு அதற்கு முன்பே கணினிகளில் பரவியிருந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை இளைஞர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடிவந்தார்கள். ஒரே உலகத்துக்குள் ஒரே நேரத்தில் பல மனிதர்களை இறக்கிவிட்டதுதான் மட் செய்த புதுமை. கணினி ஓய்வாக இருக்கும் பின்னிரவில் வெளியாட்களும் தொலைபேசி வழியே இணைந்து ஆட பல்கலைக்கழகம் அனுமதித்தது. அதற்காக விழித்திருந்தவர்கள் பலர்.

பார்ட்டில் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் ஒரு செய்தி இங்கே முக்கியம். பிறந்த வகுப்பு ஒருவரின் எல்லையைத் தீர்மானிக்கும் சமூகத்தில், அந்தப் பாரத்தை இறக்கிவைத்துவிட்டுத் தான் விரும்பும் ஆளாக ஒருவர் இருந்து பார்க்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அவர்கள் அந்த உலகத்தைச் செய்தார்கள். எழுத்தில் பேச்சின் ஒலி கேட்காது. போட்டிருக்கும் சட்டை தெரியாது. ஆக, வேடம் ஏற்பது என்பது இந்த விளையாட்டின் மேல் பூசிய அலங்காரம் அல்ல. அதற்காகத்தான் இது பிறந்தது என்றே சொல்லலாம்.

பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. 1989இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜிம் ஆஸ்ப்னெஸ் 'டைனிமட்' என்ற ஒன்றைச் செய்தார். அதில் சண்டையும் கிடையாது, புள்ளிக் கணக்கும் கிடையாது. உள்ளே வந்தவர்கள் அறைகள் கட்டினார்கள், பேசினார்கள், கூடி உட்கார்ந்தார்கள். முதல் டைனிமட் ஓராண்டுகூட ஓடவில்லை. ஆனால் அதிலிருந்து 'மஷ்' என்ற குடும்பம் கிளைத்து, சேர்ந்து கதை எழுதுபவர்களின் வீடாக மாறியது. இன்னொரு பாதை டென்மார்க்கில் தொடங்கியது. கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் ஐவர் உருவாக்கி 1991இல் வெளியிட்ட 'டிக்கு மட்', அரக்கனைக் கொல், புள்ளி சேர், படி ஏறு என்ற சக்கரத்தை அச்சாகக் கொண்டது. நிறுவ எளிது, ஆட எளிது. உலகெங்கும் அதன் பிரதிகள் முளைத்தன. 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்' முதலான பெரிய முப்பரிமாண விளையாட்டுகள்வரை அதன் சாயல் படிந்திருக்கிறது.

இந்தக் கிளைப்பிரிவைத் தெரிந்துகொள்ளாமல் ஆட்டக்காரர்களைக் குறை சொல்வது நியாயமல்ல. கொன்ற அரக்கர்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணிக் கூலி கொடுக்கும் உலகத்தில் மனிதர்கள் அரக்கர்களைத்தான் கொல்வார்கள். சத்திரத்துக்குள் லெவல் கணக்கோடு நுழைந்தவருக்கு அந்த உலகம் அதுவரை கற்றுத்தந்திருந்த மொழி அது ஒன்றுதான்.

ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்து பார்ட்டில் 1996இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றுவரை பேசப்படுகிறது. சாதிக்க வருபவர், ஆராய வருபவர், பழக வருபவர், பிறரைத் தாக்கி மகிழ்பவர் என்பவை அந்த வகைகள். வேடம் ஏற்று ஆடுபவருக்கு அதில் தனி இடம் இல்லையே என்று சிலர் வருத்தப்படுவதுண்டு. அதில் ஒரு நம்பிக்கையும் இருப்பதாக எனக்குப் படுகிறது. வேடக்காரர் என்று தனியாக ஓர் இனம் பிறப்பதில்லை. சாதிக்க வந்தவர் ஓர் ஊரின் தலையாரி ஆவதைச் சாதனையாகக் கருதலாம். ஆராய வந்தவர் குகைகளை விட்டுவிட்டு மனிதர்களின் ரகசியங்களைத் துருவலாம். நான்கு வகையினரும் கதைக்குள் வர வழியுண்டு. அந்த வழி அவர்கள் கண்ணில் படவேண்டும்.

எண்ணை மறைத்தால் முகம் தெரியும்

'ஆர்மகெடான்' என்ற எழுத்து விளையாட்டு 1991இல் தொடங்கப்பட்டது. ஸலாந்தஸ் என்ற பாலைவன உலகம் அதன் களம். தண்ணீருக்கு விலை கொடுக்க வேண்டிய, மந்திரம் கற்றவனைக் கண்டால் ஊரே அஞ்சும் வறண்ட பூமி. வேடத்தை விட்டு விலகாமல் ஆடுவது அங்கே விருப்பம் அல்ல, கட்டாயம். கதாபாத்திரம் இறந்தால் இறந்ததுதான். அவனுக்குத் திரும்பி வரும் வழி இல்லை. ஆடியவர் புதிய பிறவியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். உள்ளே நுழையும் முன்பே, இவன் யார், எங்கே வளர்ந்தவன் என்று எழுதி அனுப்பி நிர்வாகிகளின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

இவற்றைவிட என்னைக் கவர்ந்தது இன்னொரு சின்ன ஏற்பாடு. அங்கே எதிரில் வருபவரின் பெயர் திரையில் வராது. 'தழும்பு விழுந்த உயரமான மனிதன்' என்பதுபோல ஒரு வர்ணனை மட்டுமே வரும். பெயர் தெரிய வேண்டுமா? போய்ப் பேசு. அவனாகச் சொல்ல வேண்டும், அல்லது அவனைத் தெரிந்த ஒருவரிடம் கேட்க வேண்டும். அவன் பொய்ப் பெயரையும் சொல்லலாம். இந்த ஒற்றை மாற்றத்தால் சந்தையில் நடக்கும் சாதாரணச் சந்திப்புகூடக் கதையாகிவிடுகிறது. அறிமுகம் செய்துகொள்வதற்கு ஒரு காரணம் வந்துவிடுகிறது. மறைந்து வாழ வேண்டிய ஒருவனுக்கு உண்மையாகவே மறைவதற்கு இடம் கிடைக்கிறது.

இதே வழியில் எண்களையும் மறைக்கலாம். 'உயிர் 31/100' என்று திரை சொன்னால் ஆடுபவர் கணக்குப் போடுகிறார்: இன்னும் இரண்டு அடி தாங்கும், நின்று சண்டை போடலாம். 'இடது காலை ஊன்ற முடியவில்லை, மூச்சு இரைக்கிறது' என்று சொன்னால் அவருக்கு வலிக்கிறது. ஓடலாமா என்று தோன்றுகிறது. கணக்கு அதேதான், உள்ளே நிரல் வைத்திருக்கும் எண்ணும் அதேதான். பார்ப்பவர் கண்ணுக்கு எதைக் காட்டுகிறோம் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

2000இல் ஸ்கோடாஸ் நிறுவனம் தொடங்கிய 'காசில் மாராக்' இன்னொரு பக்கம் போனது. அதன் களம் ஒரு கோட்டை. உள்ளே வருபவர், நெடுந்தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட விருந்தாளி. தன் கடந்தகாலம் அவருக்கே நினைவில்லை. கொன்று புள்ளி சேர்க்க அரக்கர் கூட்டம் இல்லை. அவையில் மதிப்புப் பெறுவது, யாருடைய நட்பைச் சம்பாதிப்பது, யாரைப் பகைத்துக்கொள்ளாமல் தப்பிப்பது என்பவைதான் ஆட்டம். புதியவருக்குப் பழைய வரலாறு தெரியாதே என்ற தயக்கத்தை அந்த மறதி ஒரே வீச்சில் தீர்த்துவிட்டது. அவருக்குத் தெரியாதது அவர் பாத்திரத்துக்கும் தெரியாது.

பரிசு கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. நன்றாக வேடம் காப்பவர்களுக்குத் தனிப் புள்ளி கொடுக்கும் முறை பல இடங்களில் உண்டு. நிர்வாகிகள் நேரில் கவனித்துக் கொடுத்தாலோ, கூட ஆடியவர்கள் பாராட்டிக் கொடுத்தாலோ அது ஓரளவு பலிக்கிறது. எத்தனை வரி எழுதினார் என்று நிரலே எண்ணிக் கொடுத்தால், ஆளில்லாத அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் பெருகுவார்கள். இடமும் காரணமும் கொடுப்பதுதான் புள்ளியைவிட வலுவானது. உப்பு ஓர் ஊரில், இரும்பு இன்னோர் ஊரில் என்று வைத்தால் வணிகர்கள் பேசித்தான் ஆக வேண்டும். நினைத்த இடத்துக்கு நொடியில் பறந்துபோகும் வசதியை எடுத்துவிட்டால் வழித்துணை தேவைப்படும். துணைக்கு வருபவனோடு பேச்சு வளரும். ஐம்பது பேர் ஆடும் உலகத்தில் ஐந்நூறு அறைகளைத் திறந்துவிட்டால் யாரும் யாரையும் சந்திக்க மாட்டார்கள். உலகம் சிறியதாக இருப்பது குறையல்ல.

ஒரு வரி எழுதும் கலை

நிர்வாகிகள் எவ்வளவுதான் செய்தாலும், கடைசியில் எல்லாம் ஆடுபவர் தட்டும் அந்த ஒரு வரியில் வந்து நிற்கிறது. 'எமோட்' என்ற கட்டளை இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவானது. அதைத் தட்டி, பின்னால் என்ன எழுதினாலும் அது உங்கள் பாத்திரம் செய்யும் செயலாக அறையிலுள்ள எல்லோர் திரையிலும் விழும். விளையாட்டில் ஏற்கெனவே இருக்கும் கட்டளைகளுக்கு அடங்காத எதையும் இதனால் செய்யலாம். கண் சிமிட்டலாம், கடிதத்தைக் கிழிக்கலாம், கிழித்த துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

தொடங்குபவர்கள் பெரும்பாலும் உணர்ச்சியின் பெயரை எழுதுவார்கள். 'மாறன் கோபமாக இருக்கிறான்.' எதிரில் இருப்பவருக்கு இதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. 'மாறன் கோப்பையை மேசையில் வைக்கிறான். ஆனால் கைப்பிடியை இன்னும் விடவில்லை' என்று எழுதினால் பார்ப்பதற்கு ஒரு கை இருக்கிறது, பயப்படுவதற்கு ஒரு கோப்பை இருக்கிறது. அது கோபமா, நடுக்கமா, போதையா என்று எதிரில் இருப்பவர் ஊகிக்கிறார். தவறாகவும் ஊகிக்கலாம். அந்தத் தவறிலிருந்துகூட ஒரு கதை கிளம்பும்.

மனதுக்குள் ஓடுவதை எழுதிவைப்பது இன்னொரு பழக்கம். 'இவன் தன் இறந்துபோன அண்ணனைப்போலவே இருக்கிறானே என்று பூவாயி நினைக்கிறாள்.' அழகான வரிதான். ஆனால் அந்த நினைப்பை எதிரில் இருப்பவன் எப்படித் தெரிந்துகொள்வான்? அவன் பதில் சொல்ல இதில் பிடிமானம் இல்லை. சொல்ல வந்த பூவாயி வாயைத் திறந்து மூடுகிறாள், அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அவன் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சோறு வைக்கிறாள் என்று எழுதினால், 'என்னம்மா அப்படிப் பார்க்கிறாய்?' என்று அவன் கேட்பான். அண்ணன் கதை அப்போது வெளியே வரும்.

நல்ல வரி, அடுத்தவர் பிடித்துக்கொள்ள எதையாவது நீட்டுகிறது. கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர் எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும், எதிரே வீமன் வேடம் கட்டியவர் பதில் வசனம் பேசாமல் நின்றால் சபதமும் இல்லை, போரும் இல்லை. எழுத்து விளையாட்டிலும் அப்படித்தான். வரி நீளமாக இருக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் யோசித்து ஒரு பத்தி செதுக்குவதற்குள் மற்ற மூவர் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். தட்டச்சில் வேகம் குறைந்தவருக்காக மற்றவர்கள் ஒரு கணம் பொறுப்பதும், வேகமானவர் தன் நடையை அதற்கேற்பக் குறைத்துக்கொள்வதும் இந்தக் கலையின் ஒரு பகுதிதான்.

பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே யோசனை வேண்டும். நாடிழந்த இளவரசன், சாபம் பெற்ற மாவீரன், யாரையும் நம்பாத தனிமை விரும்பி ஆகியோரைத்தான் புதியவர்கள் முதலில் படைக்கிறார்கள். இவர்களுக்குப் பிறரிடமிருந்து எதுவும் தேவையில்லை. அதனால் யாரும் அவர்களிடம் வருவதும் இல்லை. தறியில் போட நூல் வாங்கக் கடன் தேடும் நெசவாளி, ஊருக்குப் புதிதாக வந்த மருத்துவச்சி, காவல் வேலைக்குத் துணிச்சல் போதாத காவலன் போன்றவர்களைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று வேண்டும், அதைத் தர இன்னொரு மனிதன் வேண்டும். குறை உள்ள பாத்திரத்தைத்தான் மற்றவர்கள் தேடி வருவார்கள். தோற்பதற்கு அஞ்சாத பாத்திரத்தோடுதான் திரும்பவும் ஆட விரும்புவார்கள்.

வேடம் கலைந்தவரை என்ன செய்வது

பழகியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். புதியவர் ஒருவர் வேடத்துக்குப் பொருந்தாமல் பேசிவிட்டால், உடனே விதி எண்ணைச் சொல்லிக் கண்டிக்கிறார்கள். அல்லது எல்லோரும் மௌனமாகி, அவர் போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். இரண்டாவது முதலாவதைவிடக் கொடியது. போனவர் திரும்பி வருவதில்லை. புதியவர்கள் வராத உலகம் எத்தனை அழகாக எழுதப்பட்டிருந்தாலும் சில ஆண்டுகளில் காலியாகிவிடும்.

உள்ளே இருந்தபடியே அழைக்கலாம். லெவல் 40 என்றவரைப் பார்த்துக் கிழவர், 'தம்பி எந்தச் சீமை? நீ பேசுகிற பாஷை பிடிபடவில்லையே. உட்கார், முதலில் ஈரத்தைத் துடை' என்று சொன்னால் போதும். அவருக்கு ஒரு மணை கிடைத்துவிட்டது, ஒரு கேள்வியும் கிடைத்துவிட்டது. 'அந்த வாளைக் காட்டு பார்க்கலாம். எங்கே கிடைத்தது?' என்று காவலன் கேட்டால், அவர் கொண்டுவந்த பொருளே கதைக்குள் வந்துவிடுகிறது. அவருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் போகலாம். பரவாயில்லை, அடுத்த கேள்வியை இன்னும் எளிதாகக் கேட்கலாம். விதிகளை விளக்க வேண்டியிருந்தால் வேடத்துக்கு வெளியே பேசும் தனிச் செய்தி இருக்கிறது. இரண்டு வரியில், மரியாதையோடு, அவருக்கு மட்டும் சொல்லலாம்.

வேடத்துக்கு வெளியே பேசும் பொது அலைவரிசையை 'ஓஓசி' என்பார்கள். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் கேட்கும் அந்த அரட்டையை முழுவதும் மூடிவிட வேண்டும் என்பவர்கள் உண்டு. வேடத்தில் இருக்கும்போது அதை அணைத்துவைக்கும் வசதி இருந்தால் போதும் என்பதே என் கருத்து. மனிதர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளவும் வேண்டும். நட்பாகாதவர்கள் நன்றாகப் பகைமை நடிக்க முடியாது.

லாம்டாமூ கற்பித்தது

இத்தனை ஈடுபாட்டோடு ஆடச் சொல்லும் எவரும் 1993இல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் நடத்திய 'லாம்டாமூ' என்ற எழுத்து உலகம் அப்போது ஆயிரக்கணக்கானோரை ஈர்த்திருந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் 'மிஸ்டர் பங்கிள்' என்ற பாத்திரத்தில் ஆடியவர், ஒரு துணை நிரலைப் பயன்படுத்தி, பிறருடைய பாத்திரங்கள் தாமே செய்வதுபோல வக்கிரமான செயல்களை எழுதி எல்லோர் திரையிலும் ஓடவிட்டார். பாத்திரத்துக்கு உரியவர்கள் தடுக்க வழியின்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஏற்பட்ட காயம் எழுத்தோடு நின்றுவிடவில்லை. ஜூலியன் டிபெல் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் அதே ஆண்டு டிசம்பரில் எழுதிய கட்டுரை, இணைய வாழ்வைப் பற்றிய விவாதங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பங்கிளின் கணக்கு நீக்கப்பட்டது. மனுக் கொடுத்து வாக்கெடுப்பு நடத்தும் ஏற்பாடும் அதன் பின்னர் லாம்டாமூவில் வந்தது.

எமோட் எழுதும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைக்க வேண்டும். பங்கிள் செய்த கொடுமையின் அடிப்படை, இன்னொருவரின் உடலை அவர் அனுமதியின்றி எழுதியது. அன்றாட ஆட்டத்தில் இதன் சிறு வடிவங்கள் ஓயாமல் நடக்கின்றன. 'மாறன் உன் தோளைப் பிடித்துத் தள்ள, நீ சுவரில் மோதி விழுகிறாய்.' பெரும்பாலும் இதை எழுதுபவருக்குக் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. இருந்தும் அவர் இரண்டு பேருக்கான வரியை ஒருவராக எழுதிவிட்டார். 'மாறன் உன் தோளை நோக்கிக் கையை வீசுகிறான்' என்பதோடு நிறுத்தினால், விழுவதா, விலகுவதா, திருப்பித் தாக்குவதா என்பது அடுத்தவர் கையில் இருக்கும். ஆட்டக்காரர்கள் 'பவர் எமோட்' என்று சொல்லிக் கண்டிக்கும் இந்தப் பழக்கத்தை வெறும் நடைப் பிழையாகப் பார்க்கக் கூடாது. அடுத்தவரின் பாத்திரம் அடுத்தவருடையது என்ற ஒரே விதியின் மேல்தான் இந்த விளையாட்டு முழுவதும் நிற்கிறது.

பாத்திரத்தின் துயரம் ஆடுபவருக்குள் கசிவதை 'ப்ளீட்' என்பார்கள். ஆழ்ந்து ஆடுபவர்களுக்கு இது வரும். வருவதில் தவறில்லை. ஆனால் வெளியே வரக் கதவு திறந்திருக்க வேண்டும். சித்திரவதை, பலாத்காரம், குழந்தைகளுக்கு நேரும் துன்பம் போன்றவை கதையில் வருமானால் முன்கூட்டியே வேடத்துக்கு வெளியே கேட்டுவிட வேண்டும். 'இது எனக்கு வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மூடிவிட்டு அடுத்த நாள் காலைக்குக் கதையை நகர்த்த வேண்டும். இந்த உறுதி கிடைத்தால்தான் கூச்ச சுபாவம் உள்ளவர்களும் துணிந்து ஆழம் வரை வருவார்கள்.

காதால் ஆடுபவர்கள்

இந்த உலகங்களில் பார்வையற்ற ஆட்டக்காரர்கள் கணிசமாக இருக்கிறார்கள். படங்களே எல்லாமாகிப்போன விளையாட்டுகள் அவர்களுக்குக் கதவைச் சாத்திய காலத்தில், திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளோடு மற்றவர்களுக்குச் சரிசமமாக அவர்கள் ஆடக்கூடிய இடமாக எழுத்து விளையாட்டுகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. 'ஆல்டர் ஏயான்' போன்ற சில விளையாட்டுகள் அவர்களுக்கென்றே தனி வசதிகளைச் செய்திருக்கின்றன. ஒரு வரி நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதற்கு அவர்களைவிடக் கூர்மையான நீதிபதி கிடையாது. நட்சத்திரக் குறிகளாலும் கோடுகளாலும் வரைந்த அலங்காரங்களை அவர்கள் குறி குறியாகக் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது. சண்டை நடக்கும்போது நொடிக்கு நாலு வரி ஓடினால், நடுவே ஒருவர் எழுதிய அருமையான எமோட் காதில் விழுவதற்குள் போய்விடுகிறது. வரி ஓட்டத்தை மட்டுப்படுத்துவதும், வரைபடத்துக்குப் பதிலாக வாக்கியத்தில் வழி சொல்வதும் அவர்களுக்குச் செய்யும் சலுகை என்று நினைக்க வேண்டாம். அதனால் எல்லோருடைய ஆட்டமும் ஆழமாகிறது.

தமிழில் ஆட முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும். பழைய மட் நிரல்கள் ஆங்கில எழுத்துகளை மட்டும் எதிர்பார்த்து எழுதப்பட்டவை. இன்று அந்தத் தடை இல்லை. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட 'எவெனியா' என்ற கட்டற்ற மென்பொருள் யூனிகோடை ஏற்கிறது. வலை உலாவியிலிருந்தே உள்ளே நுழையும் வசதியும் அதில் இருக்கிறது. 'மட்லெட்' போன்ற இலவசச் செயலிகளிலும் யூனிகோடு எழுத்துகள் ஓடும். கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்வது இன்றைய இளைஞர்களுக்குப் புதிதல்ல. ஒரு பழைய துறைமுகத்தையோ, மலையடிவாரச் சந்தையையோ எழுத்தில் கட்டிவிட்டு, அதற்குள் சேர்ந்து வாழ்ந்து பார்க்க இப்போது நமக்குக் குறைவது தொழில்நுட்பம் அல்ல, ஆட்கள்.

அப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் வாள்களையும் அரக்கர்களையும் பிறகு செய்துகொள்ளுங்கள். முதலில் பத்துப் பேர் கூடிப் பேச ஓர் இடமும், அவர்கள் பேசியே தீர வேண்டிய ஒரு காரணமும் செய்யுங்கள். ஏற்கெனவே ஏதோ ஓர் எழுத்து உலகத்தில் ஆடிக்கொண்டிருப்பவர் நீங்கள் என்றால், அடுத்த முறை உள்ளே போகும்போது அங்கே புதிதாக வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் பாத்திரத்தின் வாயால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் பதில் எழுதும்வரை பொறுத்திருங்கள்.